வெக்கை வெளியேறிய வழி

விருதுநகரில் ஒரு ஓட்டு வீட்டில் வெக்கை என்று ஒருத்தி வந்து போய்க்கொண்டிருந்தாள். ஓடு காயத் தொடங்கியதும் வருவாள். உத்தரத்தின் மேல் கொஞ்ச நேரம் உட்காருவாள். பிறகு முகட்டுக்கு ஏறி, முன்சுவரின் உச்சியில் இருந்த ஓட்டை வழியாகத் தெருவுக்கு மேலே போய்விடுவாள். அவள் எழுந்த இடத்தில், கூரையும் சுவரும் சேரும் இறவாரத்து இடுக்குகள் வழியாகக் காற்று வந்து உட்காரும்.

அப்படி ஒருத்தி வந்து போகிறாள் என்பதே வீட்டுக்காரர் சவுந்தரபாண்டிக்குத் தெரியாது. தெரியாமல் இருந்த வரைக்கும் எல்லோரும் சுகமாக இருந்தார்கள்.

சவுந்தரபாண்டி மல்லி, வத்தல் வியாபாரி. மூட்டைக்குள் கையை விட்டு ஈரப்பதம் சொல்லிவிடுவார். ஆனால் அடுத்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் ஆளுக்குப் புத்தி மட்டு. மகள் அமுதகனியைப் பெண் பார்க்கக் கோவில்பட்டியிலிருந்து வருகிறார்கள் என்றதும் நாற்காலியில் சாய்ந்து அண்ணாந்து பார்த்தார். கரி பிடித்த உத்தரம், ஒட்டடை, சந்தில் ஒரு புறா.

"கொடி, சம்பந்தி வீட்டுக்காரவுக இப்படி உக்காந்து மேல பாத்தா என்ன நெனைப்பாக?"

"வாறவுக பொண்ணப் பாக்க வாறாகளா, ஓட்டப் பாக்க வாறாகளா?" என்றாள் மனைவி ஜெயக்கொடி. பதில் இல்லாத இடத்தில் சவுந்தரபாண்டி ஆள் கூட்டி வருவார்.

ஆட்கள் வந்தார்கள். தூசி விழாமலிருக்க ஓட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்தார்கள். அணில் வராமலிருக்க இறவாரத்து இடுக்குகளைச் சிமென்ட் வைத்துப் பூசினார்கள். புறா வராமலிருக்க முகட்டு ஓட்டையில் பலகை அறைந்தார்கள். எல்லாவற்றுக்கும் கீழே வெள்ளை வெளேரென்று ஒரு ஃபால்ஸ் சீலிங். எதெது உள்ளே வரக் கூடாது என்று இரண்டு நாள் பேசினார்கள். உள்ளே இருப்பது எப்படிப் போகும் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

பெண் பார்க்க வந்த சம்பந்திக்கு அன்று கழுத்துப் பிடிப்பு. காபியைக்கூடக் குனிந்த தலை நிமிராமல்தான் குடித்தார்.

வெக்கைக்குத் தன் நிலைமை முதல் நாள் மதியமே புரிந்துவிட்டது. வழக்கம்போல முகட்டுக்கு ஏறினாள், பலகையில் முட்டிக்கொண்டாள். இறவாரத்துக்கு ஓடினாள், சிமென்ட். மேலே ஓடு அனலைக் கொட்டிக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் ஃபால்ஸ் சீலிங்கின் முதுகில் உட்கார்ந்தாள்.

"மேல சாயாதீங்க, ப்ளீஸ். நான் அழகுக்காக வந்தவ. பாரம் தாங்க மாட்டேன்" என்றாள் ஃபால்ஸ் சீலிங்.

"நான் எங்கம்மா போக? நீயே சொல்லு."

"அது எனக்குத் தெரியாது. எனக்கு மேல என்ன நடக்குதுங்கிறத மறைக்கத்தான் என்னைய வச்சிருக்காங்க."

அந்த மட்டுக்கு அவள் நேர்மையானவள்.

ஃபால்ஸ் சீலிங்கைத் துளைத்துக்கொண்டு ஒரு கம்பி கீழே இறங்கியது. அதன் நுனியில் மூன்று இறக்கையோடு சீலிங் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் காற்று என்றால் தான்தான் என்று நெடுங்காலமாக நம்புகிறவர். அவர் கீழே இருந்தபடியே அதட்டினார்.

"ஏ வெக்கை! மரியாதையா வெளிய போயிரு. இல்லைன்னா வெரட்டியடிச்சிருவேன்."

"வெரட்டுங்க அண்ணாச்சி, கும்பிடுதேன். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க."

ஃபேன் சுற்றினார். மேலேயிருந்து கசிந்து வந்த சூட்டை வாரி அறை முழுக்கச் சமமாகப் பரிமாறினார். இதுவரை மேலே மட்டும் இருந்தது இப்போது கட்டிலுக்கு அடியிலும் இருந்தது. "பாத்தியா வேகத்த?" என்றார்.

அமுதகனி கல்யாணம் ஆகி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். சித்திரை தொடங்கும்போது பேரன் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்து ஃபால்ஸ் சீலிங்குக்கு நேர் கீழே தொட்டிலில் போட்டார்கள். மதியம் ஆனதும் பிள்ளை வீறிட்டான். கழுத்து, முதுகு, கைமடிப்பு எல்லாம் வேர்க்குரு.

வெக்கைக்கு அந்த அழுகை கேட்டது. அவளுக்கு யார் மேலும் கோபம் இல்லை. அந்தப் பிள்ளை மேல் இரக்கம்தான். கீழே இறங்கக் கூடாது என்று எவ்வளவோ தம் பிடித்துப் பார்த்தாள். ஆனால் பின்னாலிருந்து வருகிறவள் தள்ளினால் முன்னால் நிற்கிறவள் என்ன செய்வாள்? பஸ் படியில் நிற்பவர்களுக்கு அது தெரியும்.

வீட்டில் எல்லோரும் அவளைத்தான் திட்டினார்கள். "சனியன் வெக்கை, போய்த் தொலைய மாட்டேங்குதே" என்றார் சவுந்தரபாண்டி. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, போ போ என்று விரட்டுகிற மனிதரை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் ஒரு ஏர்கூலர் வாங்கி வந்தார். அது தண்ணீரைக் குடித்து ஈரத்தைக் கக்கியது. வேர்க்குரு நெற்றிக்கும் ஏறியது.

அமுதகனி அம்மாவிடம் சொல்லிவிட்டாள். "அம்மா, பேர் வைக்கிற அன்னிக்கு அத்தை வாறாகல்ல, அவுக கூடவே பிள்ளையத் தூக்கிட்டுப் போயிர்றேன். அவன் படுற பாட்ட என்னால பாக்க முடியல."

"மூணு மாசம் வச்சு அனுப்புறதுதான் முறை. முப்பது நாள்ல அனுப்பினா ஊரு என்ன சொல்லும்?" என்று பதறினார் சவுந்தரபாண்டி.

ஜெயக்கொடி ஊரைப் பற்றி நினைக்கவில்லை. பேரனின் உள்ளங்கால் அவள் கைக்குள் அடங்கியிருந்தது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"முன்ன இப்படி வேகாதே. அந்த மேல் ஓட்டைய அடச்ச பெறகுதான?" என்றாள்.

மகள் போய்விடுவாள் என்ற பயத்தில் சவுந்தரபாண்டி இறங்கி வந்தார். புறா வராமல் கம்பிவலை அடித்து, முகட்டுப் பலகையைக் கழற்றச் சொன்னார். வெக்கை ஆசையோடு ஓடினாள். ஓட்டையின் வாசல் வரை போனாள். அங்கேயே திணறி நின்றாள்.

"ஏன் நிக்கிற?" என்றது ஓட்டை. இத்தனை நாள் கழித்து வாய் திறந்ததில் அதற்கும் ஒரு அவசரம்.

"நான் எந்திரிச்சா என் எடத்துக்கு ஒருத்தர் வரணும்ல? கீழ வழியெல்லாம் பூசிக் கெடக்கு. யாரும் வராம நான் எப்படி மொத்தமா வாறது?"

"அப்ப கொஞ்சம் கொஞ்சமா வா."

"கொஞ்சமாத்தான் வாறேன். வெயில் மூட்டை மூட்டையா அனுப்புதே!"

பிள்ளையின் அழுகை அரைக்கால் பங்குகூடக் குறையவில்லை. "நான் அப்பவே சொன்னேன், ஓட்டையில என்ன இருக்கு? ஒண்ணுமில்ல" என்றார் ஃபேன்.

மறுநாள் பிள்ளைக்குத் தேய்க்க ஜெயக்கொடி புதுத் தேங்காயெண்ணெய் டின்னைப் பிரித்தாள். ஆணியை வைத்துச் சுத்தியலால் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தாள். எண்ணெய் 'களக்' என்று ஒரு முறை விழுந்தது, நின்றது. மறுபடி 'களக்', நின்றது. அவசரத்தில் வழக்கத்தை மறந்துவிட்டாள். டின்னை நிமிர்த்தி, எதிர் மூலையில் இரண்டாவது ஓட்டை போட்டாள். இப்போது எண்ணெய் நூல் பிடித்தது போல ஒழுகியது.

கிண்ணம் நிரம்பி வழிந்து தரையில் ஓடியது. அவள் கவனிக்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஃபால்ஸ் சீலிங்கை இந்த வீட்டில் ஒருவர் யோசனையோடு பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஏங்க, கொத்தனார வரச் சொல்லுங்க. இறவாரத்தையும் ஒடைக்கணும்."

"அணில் வரும்டி!"

"அதுக்கும் வலை அடிங்க. கல்யாணமான நாளா எண்ணெ டின்ன ரெண்டு ஓட்டை போட்டுத்தான் ஊத்துதேன். வீட்டுக்கு ஒண்ணு போதும்னு நெனச்சேன் பாருங்க, என்னையச் சொல்லணும்."

சிமென்ட் உதிர்ந்தது. கீழிருந்து காற்று உள்ளே வந்து, "நகரு தாயி, உன் எடம் வேணும்" என்றது. திட்டாமல் தன்னை எழுந்திருக்கச் சொன்ன முதல் ஆள் என்பதில் வெக்கைக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்தாள். முகட்டுக்கு ஏறினாள். போயே விட்டாள். அடுத்தவள் வந்தாள், அவளும் போனாள்.

அன்று மதியம் பிள்ளை அழாமல் தூங்கினான். வேர்க்குரு வாடியது. "மூணு மாசம் இருக்கேம்மா" என்றாள் அமுதகனி. ஜெயக்கொடி அடுப்படிக்குள் போய்ச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஃபேன், "எப்படி வெரட்டினேன் பாத்தீகளா?" என்று மூன்று இறக்கையையும் விரித்துச் சுற்றினார். அவரை யாரும் மறுக்கவில்லை. அவருக்கு அதுவே போதும்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் சவுந்தரபாண்டிக்குச் சந்தோஷம் வந்துவிட்டது.

பேர் வைக்கும் விழாவுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடித்தார். அதில் சுற்றிலும் சொந்தக்காரர்கள் முகம் தபால் தலை அளவில். நடுவே பேரன் முகம், கட்டிலைவிடப் பெரிதாக, பொக்கை வாயோடு சிரித்தபடி. கடைக்காரர் கேட்டார்: "அண்ணாச்சி, காத்து போக அங்கங்க ஓட்டை போட்டுத் தரட்டுமா? எல்லாருக்கும் அப்படித்தான் தாறோம்."

"எம்பேரன் மொகத்துல ஓட்டையா? நல்லாருக்குய்யா நியாயம்!"

விழா அன்று காலை அந்த ஃப்ளெக்ஸை வீட்டின் முன்சுவரில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உச்சியில், நாலு பக்கமும் இழுத்து இறுக்கிக் கட்டினார்.

பத்து மணிக்கு மேல் வெக்கை வந்தாள். நிதானமாக முகட்டுக்கு ஏறினாள். ஓட்டையை ஒட்டி, பின்பக்கமாகத் தெரிந்தது ஒரு பெரிய முகம். சிரித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, கொஞ்சம் வழி விடு" என்றாள்.

சிரித்தது.

"தம்பி, உனக்காகத்தான் சொல்லுதேன்."

முகம் சிரித்தபடியே இருந்தது. வெக்கையின் முதுகில் அடுத்தவள் வந்து இடித்தாள். வெக்கை மறுபடி ஃபால்ஸ் சீலிங்கைப் பார்த்துத் திரும்பினாள்.

பந்தி நடக்கும்போது தொட்டிலில் பிள்ளை வீறிட்டான். கோவில்பட்டி சம்பந்தியம்மா அவனைத் தூக்கி, முதுகைத் தடவிப் பார்த்தாள். "ஏத்தா, பிள்ளை ஒடம்பு இப்படிக் கொதிக்கி! இன்னைக்கே எங்க கூடக் கெளம்பு. பால்பாயாசம் சாப்பிட்டதும் கார எடுக்கச் சொல்லுதேன்."

அமுதகனி பையை எடுக்க எழுந்தாள்.

பாயாச வாளியோடு நின்ற ஜெயக்கொடி இறவாரத்தைப் பார்த்தாள். வலை சரியாக இருந்தது. வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். உள்ளே போய்க் காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு, பட்டுச்சேலையை வரிந்து கட்டி, பந்தல்காரர் விட்டுப் போயிருந்த ஏணியில் ஏறினாள்.

"ஏய் கொடி! எறங்கு! சம்பந்தி பாக்காரு!" சவுந்தரபாண்டி ஓடி வந்தார்.

சம்பந்தி நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் கழுத்து நிமிர்ந்தது அன்றுதான்.

"எம்பேரன் மொகம்டி! அதுல எங்க ஓட்டை போடப்போற?"

"சாமி போட்ட எடத்துலதான்" என்றாள் ஜெயக்கொடி. ஃப்ளெக்ஸின் நட்டநடுவில், ஓட்டைக்கு நேராக, மூக்கில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வட்டம் அறுத்தாள்.

உள்ளே அழுகை மெல்ல அடங்கியது. அமுதகனி பையை மறுபடி ஆணியில் மாட்டினாள். வெக்கை, சிரித்துக்கொண்டே இருந்த அந்தப் பிள்ளையின் மூக்கு வழியாகப் பெருமூச்சாக வெளியே போனாள்.