வால் முன்னே வந்த மரியஜோதி

தூத்துக்குடியில் ‘மரியஜோதி’ கப்பலைத் தெரியாத ஆள் கிடையாது. ஆப்பிரிக்காவுக்குப் போய்க் கொட்டைமுந்திரி ஏற்றிக்கொண்டு வரும். எப்போது வரும் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கப்பலைக் குறை சொல்லவே முடியாது. மூன்று மாடி உயரத்துக்கு ஒரு டீசல் எஞ்சின், அதில் ஆள் உள்ளே நிற்கிற அகலத்துக்கு சிலிண்டர்கள். குறையெல்லாம் அந்த எஞ்சினுக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிற மூன்று பேரிடம்தான்.

மூத்தவன் கித்தேரியான், அடுத்தவன் பேச்சிமுத்து, இளையவன் சந்தியாகு. தங்கமான பிள்ளைகள். குடி கிடையாது, பொய் கிடையாது, மேலே இருக்கிறவர் சொன்ன சொல்லைத் தட்டுகிற பழக்கமும் கிடையாது. சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவார்கள். வினையெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

இதில் சந்தியாகுவின் பாடுதான் பெரும்பாடு. அவனுக்கும் வள்ளக்கார லெயோன் மகள் மெற்றில்டாவுக்கும் மாதா கோயிலில் மூன்று கல்யாண ஓலையும் வாசித்தாகிவிட்டது. இரண்டு தடவை நாள் குறித்தார்கள். இரண்டு தடவையும் எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோய், மாப்பிள்ளை இல்லாத பந்தலில் பிரியாணி மட்டும் காலியானது. இந்தத் தடவை கப்பல் கிளம்பும்போது லெயோன் துறைமுக வாசலுக்கே வந்துவிட்டார்.

“மாதா திருநாளுக்கு மறுநாள் காலைப் பூசை. அதுக்கு நீரு வரலைன்னா, என் மகளை உப்பளத்துக் கங்காணிக்குக் கட்டிக் குடுத்துருவேன் மாப்ளே. அந்தக் கங்காணி கப்பலே ஏறினதில்ல. நெனச்சா வந்து நிப்பான்.”

மெற்றில்டா என்றால் சந்தியாகுவுக்கு உயிர். போகிற வழியெல்லாம் அந்த முகம் தெரியாத கங்காணியை நினைத்து நினைத்தே இளைத்துப்போனான்.

சீஃப் எஞ்சினியர் பர்னபாஸ் சார் பொறுமைசாலி. திரும்பி வரும்போது மூவரையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்.

“லே, இந்த எஞ்சினுக்குத் தீக்குச்சியும் வேண்டாம், பொறியும் வேண்டாம். காத்தைப் போட்டு அமுக்குனா அதுவே கொதிக்கும். அதுல எண்ணெயைப் பீய்ச்சுனா தானாப் பத்திக்கும். விளங்குச்சா?”

விளங்கிவிட்டது. அன்று சாயங்காலமே பழைய லாரி டியூப் ஒன்றில் காற்றடித்து, நடுவில் டீக் கெட்டிலை வைத்து, மூன்று பேரும் டியூப்பின் மேல் ஏறி உட்கார்ந்து அமுக்கினார்கள். வெகுநேரம் அமுக்கியும் கெட்டில் சில்லென்றே இருந்தது. இவர்களுக்குத்தான் வேர்த்து ஊற்றியது.

“சூடு வந்திருக்கு. கெட்டிலுக்குப் போகாம நமக்குள்ள போயிட்டு” என்றான் கித்தேரியான். அதுவும் சரிதான் என்று பச்சைத் தண்ணீரில் தேயிலையைப் போட்டுக் குடித்துவிட்டு, நல்ல சூடு என்று சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்து கம்ப்ரஸர். எஞ்சினைக் கிளப்புவதற்கே காற்றுதான் வேண்டும். அந்தக் காற்றை அடித்துப் பெரிய இரும்பு உருளைகளில் நிரப்பி வைக்கிற மிஷின் அது. “பிரிச்சுத் துடைங்க. திருப்பிப் பூட்டும்போது ஒரு நட்டு குறையக் கூடாது, சொல்லிட்டேன்” என்று எச்சரித்தார் பர்னபாஸ் சார். துடைத்துப் பூட்டி முடித்தபோது ஒரு வாளி நிறைய நட்டும் போல்ட்டும் கைவசம் இருந்தன.

“குறையலை சார். மிச்சமே இருக்கு” என்று பேச்சிமுத்து வாளியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தான்.

அன்றோடு கம்ப்ரஸர் மூச்சை நிறுத்தியது. பர்னபாஸ் சார் தலையில் அடித்துக்கொண்டு, “போங்கலே, கண்ணு முன்னால நிக்காதீங்க. எதுவெல்லாம் உரசுதோ அதுக்கெல்லாம் போயி எண்ணெய் போடுங்க. அதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்” என்றார்.

மூவரும் எண்ணெய்க் குவளையோடு கிளம்பினார்கள். எது எது உரசுகிறது என்று சந்தியாகு ஒவ்வொன்றாக யோசித்தான். படிக்கட்டில் ஓயாமல் செருப்பு உரசுகிறது. செருப்பிலும் எல்லாரையும்விட அதிகமாக உரசுவது பர்னபாஸ் சார் செருப்பு. அதனால் அவர் இறங்கி வரும் இரும்புப் படிகளுக்கு இரண்டு பங்காகவே எண்ணெய் விட்டான். மறுநாள் காலையில் சார் மேல்படியில் காலை வைத்ததுதான் தெரியும், அடுத்த நொடி கீழே கிடந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்கு பேர் தூக்கிக்கொண்டுபோய் அறையில் படுக்கப்போட்டார்கள்.

“சத்தமே இல்லாம வந்தாரு பார்த்தியா? எண்ணெய் நல்லா வேலை செய்யுது” என்று கித்தேரியான் மெச்சினான்.

படுத்த படுக்கையிலிருந்தே பர்னபாஸ் சார் டெலிபோனில் எஞ்சினை நடத்தினார். “வேற ஒண்ணையும் தொடாதீங்க. பேரிங்கை மட்டும் அப்பப்ப கையால தொட்டுப் பாருங்க. உங்க கையைவிட ரொம்பச் சூடா இருந்தா உடனே எஞ்சினை நிறுத்திட்டு எனக்குச் சொல்லுங்க.”

மாதா திருநாளும் வந்தது. கப்பல் கன்னியாகுமரியைச் சுற்றி மேலேறி, மணப்பாட்டுக் கோயில் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வந்துவிட்டது. விடிந்தால் கல்யாணம். சந்தியாகு சந்தோஷத்தில் எஞ்சினுக்கே ஒரு முத்தம் கொடுத்து உதட்டைச் சுட்டுக்கொண்டான். அந்த நேரம் பார்த்துக் கித்தேரியான் ஐஸ் பெட்டியில் மீனை அடுக்கிவிட்டு நேராக வந்து பேரிங்கில் கையை வைத்தான்.

“ஆத்தாடி, கொதிக்கே” என்று எஞ்சினை நிறுத்திவிட்டான்.

கப்பல் அப்படியே நின்றது. சந்தியாகுவுக்கு உயிரே போய்விட்டது. “கையைவிடச் சூடா இருக்குன்னு உறுதியாத் தெரியுமாண்ணே?”

“நீயே பாருலே, என் கை எம்புட்டுக் குளுந்திருக்கு.”

தொட்டுப் பார்த்தான். ஐஸ் மாதிரி இருந்தது. மறுப்பதற்கு வழியில்லை. இனி பேரிங்கை ஆற வைப்பது எப்படி என்று மூவரும் தரையில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள். பேச்சிமுத்துதான் வழி கண்டுபிடித்தான்.

“அண்ணே, பேரிங்கு உங்க கையைவிடச் சூடாத்தான இருக்கக் கூடாது? அப்ப உங்க கையைச் சூடாக்கிப்புட்டா?”

கித்தேரியான் வெந்நீர்க் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கை சிவக்கும்வரை நின்றான். பிறகு பேரிங்கைத் தொட்டான். சில்லென்று இருந்தது. இத்தனை சுருக்காக எந்தக் கப்பலிலும் பேரிங்கை ஆற வைத்ததில்லை என்று மூவருக்கும் ஒரே பெருமை.

விஷயம் தெரிந்து பர்னபாஸ் சார் டெலிபோனில் கத்தின கத்தலுக்கு டெலிபோனே தேவைப்படவில்லை. “கம்ப்ரஸரும் இல்ல. உருளையில இருக்க காத்து ஒரே ஒரு தடவை கெளப்பத்தான் காணும். அது போச்சுன்னா இந்தக் கப்பல் இங்கேயே கெடக்க வேண்டியதுதான். கல்யாணமும் கெடையாது, கருமாதியும் கெடையாது. காத்தை மட்டும் வீணாக்கிராதீங்கலே.”

சந்தியாகு மற்ற இருவரையும் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. “எனக்காக ஒரு உதவி செய்யுங்க. ஒரு பொட்டுக் காத்தைக்கூட வீணாக்க வேண்டாம்.”

“உனக்குச் செய்யாம யாருக்குலே செய்யப்போறோம்” என்றான் கித்தேரியான். மூவரும் ஆழமாக மூச்சை இழுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டார்கள்.

கப்பல் எஞ்சினில் ஒரு விசேஷம் உண்டு. காருக்கு இருப்பதுபோல் பின்னால் போகத் தனி கியர் கிடையாது. எஞ்சினே மாறிச் சுற்றும், கப்பல் பின்னால் போகும். அதற்கென்று ஒரு கைப்பிடி இருக்கிறது. அந்தக் கைப்பிடியில்தான் பேச்சிமுத்து தன் ஈர லுங்கியைக் காயப்போட்டிருந்தான். லுங்கியின் கனத்தில் அது ‘பின்’ பக்கம் சாய்ந்து கிடந்தது. சந்தியாகு ஸ்டார்ட் பண்ணப் போகும்போது பேச்சிமுத்து அதைப் பார்த்துவிட்டான். கண்ணை உருட்டினான், காலை உதறினான், முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. வாயை மட்டும் திறக்கவில்லை. எஞ்சின் ஒரே மூச்சில் கிளம்பிவிட்டது.

“பின்னால சுத்துதேலே, ஏன்லே சொல்லலை?” என்றான் கித்தேரியான், மூச்சை விட்டபிறகு.

“வாயைத் தொறந்தா காத்து போயிரும்லாண்ணே.”

மேலே கேப்டன் துரைவேலு, கப்பல் வந்த வழியே திரும்பிப் போவதைப் பார்த்தார். நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. அவருக்கும் வீடு வாசல் உண்டு. கப்பலின் வாலைத் தூத்துக்குடிப் பக்கம் திருப்பிவிட்டு, டெலிபோனை எடுத்து, “ஓடுறபடி ஓடட்டும். நான் சொல்லாம எதையும் தொடாதீங்க, கீழேயே இருங்க” என்றார். எஞ்சின் ரூமில் ஜன்னல் கிடையாது. கப்பல் முன்னால் போனாலும் பின்னால் போனாலும் அங்கே ஒரே இரைச்சல், ஒரே வேர்வை. கொஞ்ச நேரத்தில் மூவருக்கும் எந்தப் பக்கம் போகிறோம் என்பதே மறந்துபோனது.

விடிந்து வெகுநேரம் ஆனபிறகு, “நிறுத்து” என்று மேலிருந்து உத்தரவு வந்தது. நிறுத்திவிட்டு மூவரும் மேலே ஓடினார்கள். சந்தியாகு பின்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். எதிரே தூத்துக்குடித் துறைமுகம். மேடையில் பட்டுச்சேலையும் தலையில் முக்காடுமாக மெற்றில்டா நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

சந்தியாகு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

“என்ன மாப்ளே?” என்றான் கித்தேரியான்.

“கப்பல் கெளம்பிட்டுண்ணே. ஊருக்கு வரும்போது மூக்குத்தான கரையைப் பார்த்திருக்கும்? வாலு கரையைப் பார்த்தா கெளம்புதுன்னு அர்த்தம். எத்தனை தடவை இதே எடத்துல நின்னு அழுதிருக்கேன்.”

கித்தேரியான் எட்டிப் பார்த்தான். வால்தான் கரையைப் பார்த்திருந்தது. சந்தேகமே இல்லை. பேச்சிமுத்து தாடையைச் சொறிந்தான்.

“கெளம்புதுன்னா, அதுக்கு முன்னால வந்திருக்கணும்லா?”

“வந்துதான் இருக்கும்” என்றான் கித்தேரியான்.

“வந்திருந்தா முந்திரியை எறக்கியிருப்பாங்க. அந்நேரம் கோயில்ல பூசையும் நடந்திருக்கும்.”

“நமக்கு ஒண்ணும் தெரியலையே” என்றான் சந்தியாகு.

“கீழேயே இருன்னாரு கேப்டன், இருந்தோம். மேல நடந்தது நமக்கு எப்படிலே தெரியும்?” என்றான் பேச்சிமுத்து. “ அந்தப் பிள்ளையைப் பாரு. கல்யாணம் முடியாமலா பட்டு உடுத்தி, புருசனைக் கை காட்டி அனுப்புது?”

சந்தியாகுவுக்கு மெதுவாக முகம் மலர்ந்தது. கங்காணி தோற்றான், தான்தான் புருஷன். எழுந்து நின்று, “போயிட்டு வாரேன் மெற்றில்டா, வீட்டைப் பார்த்துக்கோ” என்று கையை ஆட்டினான். அவள் ஒன்றும் புரியாமல் திரும்ப ஆட்டினாள்.

கப்பலைக் கட்டி, படி போட்டதும் முதல் ஆளாக லெயோன் மூச்சு வாங்க ஏறி வந்தார். “வாங்க மாப்ளே, சாமியார் காத்துக்கிட்டு இருக்காரு. கோயிலுக்கு வாங்க.”

“எதுக்கு மாமா?”

“எதுக்கா? கல்யாணத்துக்கு.”

சந்தியாகு ஓரடி பின்வாங்கினான். “மாமா, வயசுல பெரியவரு நீங்களே இப்படிச் சொல்லலாமா? நான் கல்யாணமானவன். இன்னொரு கல்யாணம் பண்ணுனா பாவம்லா?”

லெயோன் முகம் வெளுத்தது. “கல்யாணமாயிட்டா? யாரு கூட?”

“உங்க மக மெற்றில்டா கூடத்தான். நம்ம கோயில்லதான்.”

லெயோன் கீழே நின்ற மகளின் பட்டுச்சேலையையும் முக்காட்டையும் எட்டிப் பார்த்தார். அப்புறம் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். “ஒத்தை மக கல்யாணத்தை நான் கண்ணால பார்க்கலையே. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலையே.”

சந்தியாகுவுக்கு மனசு தாங்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தான்.

“அழாதீங்க மாமா. எனக்கே பார்க்கக் கெடைக்கலை. நான் கீழே டூட்டியில இருந்தேன்.”