ஒரு விசில்

சிங்காரவேலு பஸ் கண்டக்டராக இருந்தவர். நின்றே வேலை பார்த்த மனுஷர். ஓய்வு பெற்று மலையடி ஆசிரமத்துக்கு வந்த பிறகும் அவருக்கு உட்காரத் தெரியவில்லை. தியானத்தில் கண்ணை மூடினாலும் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

கழுத்தில் பழைய விசில். பின்னாலேயே பழைய நாய். பஸ் டிப்போவில் குட்டியாக ஒட்டிக்கொண்டது. ரைட்டு என்று பேர் வைத்திருந்தார்.

ரைட்டுக்கு இப்போது வயதாகிவிட்டது. கண்ணில் பூ விழுந்துவிட்டது. பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டன. பாதமெல்லாம் புண். படுத்தே கிடக்கட்டும், நடக்க விடாதீர்கள் என்று மாட்டு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆசிரமத்து அம்மா வெளியூர் போய்த் திரும்பிய அன்று, கால் கழுவக்கூட விடாமல் எதிரே வந்து நின்றார் சிங்காரவேலு. அம்மா அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் சிங்காரவேலுவுக்கு அம்மாதான் குரு.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"உட்கார்ந்து கேளுங்க கண்டக்டரே."

"உட்கார நேரமில்லைம்மா. கஞ்சி அடுப்புல இருக்கு. மருந்து அரைக்கணும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கணும்."

"சரி, நின்னுக்கிட்டே கேளுங்க."

"ரைட்டைச் சாக்கு விரிச்சுப் படுக்க வைக்கிறேன். வேளைக்கு மருந்து போடுறேன். அவன் காலுக்காக வேண்டிக்கிட்டு, காலையும் சாயங்காலமும் நம்ம ஆசிரமத்து முருகன் சந்நிதியைச் சுத்துறேன். முடியறவரைக்கும் சுத்துறேன். புண்ணு ஆறவே மாட்டேங்குது. மறுநாள் பார்த்தா புதுசா ரத்தம். என் வேண்டுதல்ல என்னம்மா குறை?"

அம்மா சாக்கில் கிடந்த ரைட்டைப் பார்த்தார். அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"எப்படிச் சுத்துவீங்க?"

"கண்ணை எடுக்காம கோபுரத்தையே பார்த்துக்கிட்டு. வாயில முருகா முருகான்னு."

"சத்தமாவா?"

"பஸ்ல கத்திப் பழகின தொண்டைம்மா. மெதுவா வராது."

அம்மா சிரித்தார். கையை நீட்டினார்.

"அந்த விசிலைக் கொடுங்க."

"இது எதுக்கும்மா?" என்று கேட்டபடியே கழற்றிக் கொடுத்தார்.

"ஒரு விசில் கொடுத்தா?"

"வண்டி நிக்கணும்."

"ரெண்டு கொடுத்தா?"

"கிளம்பணும். இதைக்கூடவா கேப்பீங்க?"

"போய்ச் சுத்துங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கஞ்சி அடிப்பிடிக்குமே என்று ஒரு கண் அடுப்பில். ஆனாலும் குரு சொல்லிவிட்டார். கஞ்சியை இறக்கி வைத்துவிட்டுச் சந்நிதிக்குப் போனார். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். முருகா, முருகா. சுற்றச் சுற்ற வேகம் கூடியது.

சந்நிதியின் பின்பக்கம் திரும்பியபோது விசில் கேட்டது. ஒன்றே ஒன்று.

அவர் கால் தானாக நின்றது. வாயும் நின்றது.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. கல்லில் ஏதோ இழுபடும் சத்தம். அதுவும் உடனே நின்றது.

திரும்பிப் பார்த்தார்.

ரைட்டு. சுவரில் தோளைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் நடுக்கம். அவர் குரல் இருந்த திசைக்கு மூக்கை நீட்டியிருந்தது. அதன் பின்னால் கல்தரையில், திருப்பம் வரைக்கும், மெல்லிய சிவப்புக் கோடு.

அந்தக் கோட்டை அவருக்குத் தெரியும். யாரோ குங்குமத்தைச் சிந்திவிட்டுப் போகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே, தினமும் அவர்தான் தண்ணீர் விட்டுக் கழுவினார்.

ரைட்டைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். சாக்கில் கிடத்தினார். பிறகு பரபரவென்று எழுந்தார்.

"மருந்து எடுத்துட்டு வந்துடுறேன்."

ரைட்டு முன்னங்கால்களை ஊன்றித் தலையைத் தூக்கியது.

அவர் உட்கார்ந்தார். அது தலையைச் சாய்த்தது.

"மருந்தை நான் எடுத்துட்டு வரேன்" என்றார் அம்மா. கஞ்சியையும் அவரே கொண்டுவந்து வைத்தார்.

சிங்காரவேலுவின் முழங்கால் ஆட ஆரம்பித்தது. ரைட்டு தன் மோவாயைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தது. ஆட்டம் அடங்கியது. கொஞ்ச நேரம்தான். மறுபடி அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அம்மா, வேண்டுதல் பாதியில நிக்குதே. முருகன் என்ன நினைப்பார்?"

"அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எங்கயும் போகலையே."

"நான் எம்புட்டு நேரம்மா இப்படியே உட்கார்ந்திருக்கிறது? எப்ப எழுந்திருக்கலாம்?"

அம்மா விசிலைத் தன் முந்தானையில் துடைத்தார். அவர் நீட்டிய கையில் கொடுக்கவில்லை. குனிந்து, ரைட்டின் முன்னங்கால்களுக்கு நடுவே வைத்தார்.

"இனிமே இவன்தான் கண்டக்டர். இவன் ரெண்டு விசில் கொடுக்கட்டும். அப்ப எழுந்திருங்க."