வாலால் அளந்த பல்லி

அந்தக் காலத்தில், விலங்குகள் எல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, பல்லியின் வால் உடம்போடு கெட்டியாக ஒட்டியிருந்தது. யார் இழுத்தாலும் கழன்று வராது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அந்த வாலில்தான் இருக்கிறது.

ஒரு மலை, அதில் ஒரு சுனை. அந்த மலையில் குடிக்க வேறு தண்ணீர் கிடையாது. மாசி பிறந்ததும் சுனைத் தண்ணீர் இறங்க ஆரம்பித்து, பங்குனியில் பாதியாகிவிட்டது. எல்லாரும் பயந்துபோய்க் கோட்டானிடம் ஓடினார்கள். கோட்டான் இரவெல்லாம் விழித்திருக்கும் பறவை. மற்றவர்கள் தூங்கும்போது நடப்பதெல்லாம் தனக்குத் தெரியும் என்று அது சொல்லும். தூங்கியவர்களால் எப்படி மறுத்துப் பேச முடியும்?

"பாறைக்கு அடியில ஒரு பூதம் இருக்கு. அதுதான் தண்ணியக் குடிக்குது," என்றது கோட்டான். "இத்தனை நாள் சும்மாதான் கெடந்துச்சு. தை மாசம் இந்த ஆமை வந்து அதோட வீட்டுக்குள்ள புகுந்துச்சு, அதான் கோபம். ஆமையத் தூக்கி மலைக்குக் கீழ போடுங்க. தண்ணி தானா ஏறும்."

ஓணான் உடனே தலையை ஆட்டியது. ஓணானுக்கு யார் எதைச் சொன்னாலும் சரிதான்.

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. மலைக்குக் கீழே வெறும் செம்மண் பொட்டல். அங்கே போட்டால் நாலு நாளில் ஓடு மட்டும்தான் மிஞ்சும்.

சுனையை ஒட்டிய பாறையில் குடியிருந்த பல்லி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு ஆமை பக்கத்து வீட்டு அக்கா. "ச்சு," என்று நாக்கால் ஒரு சத்தம் எழுப்பியது.

"என்ன ச்சு?" என்றது கோட்டான்.

"ஆமையக்கா வந்த பிறகு தண்ணி குறைஞ்சுது, சரி. அக்கா வந்த பிறகுதான் வேம்பும் பூத்துது. அதையும் அக்காதான் பூக்க வெச்சாளா?"

காட்டுப்பன்றி சிரித்துவிட்டது. "அது வேற, இது வேற," என்றது கோட்டான்.

"அப்ப அளந்து பாத்துடுவோம். அக்கா மூணு நாள் தண்ணிக்குள்ள இருக்கட்டும், மூணு நாள் வெளிய இருக்கட்டும். ரெண்டு தடவையும் ஒரே அளவு குறைஞ்சா, அக்கா காரணம் இல்லன்னு ஒத்துக்குவீங்களா?"

கோட்டான் கண்ணைச் சிமிட்டியது. இப்படி அதனிடம் யாரும் கேட்டதில்லை. தண்ணீர் ஏறினால் பூதத்துக்குச் சந்தோஷம், இறங்கினால் பூதத்துக்குக் கோபம் என்று, எது நடந்தாலும் அதன் வாக்கு பலித்துக்கொண்டேதான் இருந்தது.

பல்லி விடவில்லை. "என்ன நடந்தா நீங்க சொன்னது தப்புன்னு ஆகும்? அத மட்டும் சொல்லுங்க."

"சொல்லுமய்யா, நானும் கேக்கறேன்," என்றது பன்றி. வேறு வழியில்லாமல் கோட்டான் ஒத்துக்கொண்டது.

பல்லி தினமும் காலையில் பாறையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, நேற்றைய ஈரக்கோட்டிலிருந்து இன்றைய தண்ணீர்வரை வாலை நீட்டி அளந்தது. ஆமை உள்ளே இருந்த மூன்று நாளும், நாளுக்கு ஒரு வால் இறங்கியது. பிறகு ஆமையை வெளியே எடுத்துப் பாறை நிழலில் வைத்தார்கள். அப்போதுதான் கோட்டான் வாயைத் திறந்தது.

"இனிமே பாருங்க, சிநேகிதிக்காக இவ வாலச் சுருக்கியும் நீட்டியும் பொய்க்கணக்கு காட்டுவா."

கூட்டம் முணுமுணுத்தது. கோட்டான் கெட்ட எண்ணத்தில்தான் சொன்னது, ஆனால் சந்தேகம் நியாயமானது. பல்லிக்கே அது தெரிந்தது. அதனால்தான் அதற்குக் கோபம் வரவில்லை.

"வால் எங்கிட்ட இருந்தாத்தானே சந்தேகம்?" என்றது. திரும்பித் தன் வாலைத் தானே கடித்து அறுத்தது. வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அறுந்த வால் பாறைமேல் துள்ளியதைப் பார்த்து, "பூதம்," என்று ஓணான் ஓடி ஒளிந்துகொண்டது. பன்றி அந்த வாலைக் காலால் அழுத்திக்கொண்டு, அது அடங்கும்வரை நின்றது.

"இந்தாங்க. இனி நீங்களே அளங்க," என்றது பல்லி.

முதல் நாள் பன்றி அளந்தது. ஒரு வால். "ஆமை வாசனை இன்னும் தண்ணியில இருக்கு," என்றது கோட்டான்.

"ச்சு," என்றது பல்லி.

இரண்டாம் நாளும் ஒரு வால். "பூதத்துக்குக் கோபம் ஆற வேண்டாமா?" என்றது கோட்டான்.

"ச்சு."

அன்று சாயங்காலம் ஆமையின் தோல் வெடித்துக் கண் உள்ளே போய்விட்டது. "போதும் தங்கச்சி. என்னைக் கீழயே போட்டுடச் சொல்லு," என்று முனகியது.

"முடியாதுக்கா. இன்னும் ஒரு காலை. பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

மூன்றாம் நாள் காலையில் பன்றி சுனைக்குள் இறங்கி, வாலை வைத்து ஒருமுறை அளந்தது. நம்பாமல் மறுபடியும் அளந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அதே ஒரு வால். கோட்டான் வாயால் அளந்ததைப் பல்லி வாலால் அளந்துவிட்டது. பன்றி யாரையும் கேட்கவில்லை, தன் மூக்காலேயே ஆமையை மெல்லத் தள்ளித் தண்ணீரில் விட்டது. ஆமை மூழ்கி, வெகுநேரம் கழித்துத்தான் தலையை நீட்டியது. பல்லி அதைப் பார்த்த பிறகுதான் அழுதது.

"அப்ப தண்ணிய யார்தான் குடிக்கிறது?" என்று கேட்டது பன்றி. கூட்டம் முழுவதும் பல்லியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியாது," என்றது பல்லி. "ஆமையக்கா இல்லங்கறது மட்டும் தெரியும். மிச்சத்த நாளையிலேருந்து அளப்போம்."

பலருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. பூதம் என்றால் ஒரு பதிலாவது கிடைத்திருக்கும். சிலர் கோட்டானிடமே திரும்பிப் போனார்கள். பன்றி மட்டும் மறுநாள் காலையில் வாலை எடுத்துக்கொண்டு சுனைக்கு வந்தது. ஓணான் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டியது.

பல்லிக்குப் புது வால் முளைத்தது, ஆனால் முன்போல் கெட்டியாக ஒட்டவில்லை. அதைப் பற்றி அது கவலைப்படவும் இல்லை. அளக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் கழற்றிக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தது.

அன்று முதல்தான் பல்லியின் வால் தொட்டதும் கழன்று விழுகிறது. அளந்து பார்க்காமல் யாராவது அடித்துப் பேசினால், அது இன்றைக்கும் சுவரிலிருந்து "ச்சு, ச்சு" என்கிறது. நாம்தான் பேச்சை நிறுத்தி, "பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சு," என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறோம்.