இரட்டை மீன் காசு

குளக்கரை வங்கியில் காசு கொடுப்பது நாரை. முப்பது காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காய்ந்த தேக்கிலையில் சுற்றி, நாரால் கட்டி வைத்திருக்கும். அதற்குச் சுருள் என்று பேர். காட்டில் யாருக்குச் சில்லறை வேண்டுமானாலும் அங்கேதான் போக வேண்டும்.

சிலிர்ப்பன் என்ற முள்ளம்பன்றியும் செவந்தி என்ற முயலும் வாரத்துக்கு இரண்டு முறை அங்கே போவார்கள். ஒரு கூடைக் கிழங்கை ஈடாக வைத்துவிட்டுப் பத்துச் சுருள் வாங்குவார்கள். நாவல் மரத்தடியில் உட்கார்ந்து ஆளுக்கு ஐந்தாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு காசாகப் பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும் பழையபடி சுருட்டி, மாலையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிழங்கை மீட்டுக்கொண்டு போவார்கள்.

நாரைக்கு இது பிடிக்கவில்லை. வாங்கிய காசை அப்படியே திருப்பித் தருகிறவர்களை நம்புவது எப்படி? ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை எண்ணும். ஒரு காசுகூடக் குறைந்ததில்லை. அதனாலேயே அதன் சந்தேகம் இன்னும் வளர்ந்தது.

உண்மையில் அவர்கள் தேடியது ஒரே ஒரு காசை. அந்தக் காட்டுக் காசில் ஒரு பக்கம் மீன் இருக்கும், மறுபக்கம் தாமரை இருக்கும். எப்போதோ அச்சடித்தபோது கை தவறி, ஒரு காசில் மட்டும் இரண்டு பக்கமும் மீன் விழுந்துவிட்டது. அரிய காசுகள் சேர்க்கும் கரடியார் அதற்காகத் தவம் கிடந்தார். கொண்டுவருகிறவருக்குத் தன் மேட்டுக் குகையைத் தருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு குடும்பம் தாராளமாக இருக்கக்கூடிய குகை அது.

போன மழைக்கு ஓடை பெருகி, சிலிர்ப்பனின் வளையும் செவந்தியின் புதரும் மூழ்கிவிட்டன. செவந்தியின் மூன்று குட்டிகளில் ஒன்றை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. பாவம், இப்போதும் அவள் மேகம் கறுத்தால் மீதி இரண்டையும் இழுத்து அணைத்துக்கொள்வாள். அடுத்த மழைக்குள் அந்தக் குகை கிடைத்தாக வேண்டும். காசு யார் கையில் கிடைத்தாலும் குகை இருவருக்கும் பொது என்று பேசிக்கொண்டார்கள்.

நல்ல பேச்சுதான். ஆனால் சிலிர்ப்பனுக்கு உடம்பில் இருந்த முள்ளைவிட மனசில் இருந்த முள் அதிகம். செவந்தி ஏன் இவ்வளவு வேகமாகப் பார்க்கிறாள்? நடுநடுவே ஏன் காதைச் சொறிகிறாள்? அவ்வளவு நீளமான காதுக்குள் ஒரு காசை ஒளிப்பது பெரிய காரியமா?

ஒருநாள் அவள் காதில் வண்டு இருப்பதாகச் சொல்லி உதறச் சொன்னான். அவளும் உதறினாள். ஒன்றும் விழவில்லை. காதில் இல்லையென்றால் கன்னத்தில் இருக்கும் என்று நினைத்து, அன்று சாயங்காலம்வரை அவளை வாய் ஓயாமல் பேச வைத்துக்கொண்டே இருந்தான். அண்ணனுக்கு இன்றைக்கு நம்மேல் எவ்வளவு பிரியம் என்று செவந்தி சந்தோஷப்பட்டாள்!

கடைசியில் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. தன் பங்குக்கு வரும் ஒவ்வொரு காசிலும் முள்ளால் ஒரு கீறல் போட்டுவிடுவது. நாளைக்கே இரட்டை மீன் காசு செவந்தியின் கையில் தென்பட்டு, அதில் தன் கீறலும் இருந்தால், தன் குவியலிலிருந்துதான் அவள் திருடியிருக்கிறாள் என்று கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

அன்றிலிருந்து சிலிர்ப்பனின் வேலையே மாறிப்போனது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செவந்தியின் கையையே பார்ப்பான். அவன் கை மட்டும் தன்போக்கில் காசை எடுக்கும், கீறும், போடும். திருப்பிப் பார்க்க அவனுக்கு ஏது நேரம்? கீறல் விழுந்த சில காசுகள் அடுத்தடுத்த வாரங்களில் செவந்தியின் சுருளிலும் வந்தன. பல கை பட்ட காசு, தேயத்தான் செய்யும் என்று அவள் விட்டுவிட்டாள்.

மழைக்கு நாலு நாள் இருக்கும். செவந்தி தன் கடைசிச் சுருளைப் பிரித்தாள். பத்தாவது காசைத் திருப்பினாள். மீன். மறுபடி திருப்பினாள். மீன்!

அவள் துள்ளி எழுந்தாள். காசை அவன் முன்னால் நீட்டினாள். சிலிர்ப்பன் காசைப் பார்த்தான், அதன்மேல் இருந்த கீறலையும் பார்த்தான். உள்ளுக்குள் அவனுக்கு ஒரே குதூகலம். ஆனால் வாயைத் திறக்கவில்லை. திருடியைக் கரடியார் முன்னால் வைத்தே பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டான்.

கரடியார் காசைக் கையில் வாங்கியதுதான் தாமதம், சிலிர்ப்பன் முள்ளை விரித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஐயா, இவளுக்குக் குகையில பங்கு கொடுக்காதீங்க. இது என் குவியல்ல இருந்து இவ திருடின காசு. சாட்சி அதுலயே இருக்கு, பாருங்க. என் முள்ளால நான் போட்ட கீறல்!"

கரடியார் காசை வெளிச்சத்தில் பிடித்தார். மீனின் செவுளிலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடியிருந்தது.

"இதைக் கீறினது நீதானா?"

"நானேதான் ஐயா."

"அப்போ இது உன் கைக்கு வந்திருக்கு. கீறத் தெரிஞ்ச உனக்குத் திருப்பிப் பாக்கத் தெரியலையா?"

சிலிர்ப்பன் முகத்தில் ஈயாடவில்லை. தன் கைக்கு வந்த காசை என்றோ ஒருநாள் தானே சுருட்டி நாரையிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதுதான் வங்கியைச் சுற்றிவிட்டு இன்று செவந்தியின் சுருளில் வந்திருக்கிறது.

கரடியார் பெருமூச்சு விட்டார். கீறல் விழுந்தபின் அது தனக்கு வெறும் காசுதான் என்றார். காசைத் தரையில் வைத்துவிட்டுக் குகை வாசலை மூடிக்கொண்டார்.

செவந்தி அழவில்லை, கத்தவில்லை. அவனை நிமிர்ந்து பார்த்து ஒன்றுதான் கேட்டாள்.

"குட்டிங்ககிட்ட நான் என்னண்ணே சொல்லட்டும்?"

சிலிர்ப்பன் குனிந்து தரையில் கிடந்த காசை எடுத்துக்கொண்டான். அன்று மாலையே அவள் இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் இடம் தேடிப் போய்விட்டாள். போகும்போது அவள் அவனைக் கூப்பிடவில்லை.

நாலாம் நாள் மழை கொட்டியது. வளையில் தண்ணீர் ஏற, சிலிர்ப்பன் நனைந்துகொண்டே வங்கிக்குப் போய் அந்தக் காசை நீட்டினான். நாரை அதைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, ஒரு காசுக்கு உரிய ஒரு பிடி வேர்க்கடலையைக் கொடுத்தது.

கூட்டாளியின் கையையே வேவு பார்த்துக்கொண்டிருப்பவன், தன் கைக்கு வந்ததைக் கோட்டை விடுவான்.