ஐந்து மொட்டை, ஒரு தலை

"சாமி, ஒரு மனுசனுக்கு எத்தனை தலை?"

சாமி ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு ஒண்ணுதாண்ணே தெரியுது."

"அதான் பிரச்சினையே" என்று வைரக்கண்ணு தரையில் உட்கார்ந்தார்.

தஞ்சாவூருக்கு அரை மணி நேரத் தொலைவில், கால்வாய்க் கரையில், மோட்டார் திருட்டுப் போன ஒரு பம்ப்செட் கொட்டகை. அதில்தான் சாமி இருந்தார். சாமியாவதற்கு முன்னால் அவர் ஒரு பெரிய கோயிலில் மொட்டையடிக்கிற வேலை பார்த்தவர். இருபது வருடம் ஊரான் தலையையெல்லாம் வழித்துவிட்டு, ஒரு நாள் கத்தியைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். இப்போது அவர் முடி இடுப்பு வரைக்கும் கிடந்தது.

வயது நாற்பத்தைந்துதான். வைரக்கண்ணுவுக்கு அறுபத்தொன்று. வயதில் மூத்தவர் என்று சாமி அவரை அண்ணே என்பார். சாமியாயிற்றே என்று அண்ணன் அவரை நீங்கள் என்பார். ஆறு வருடமாக இந்த ஏற்பாடு சிக்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"விவரமாச் சொல்லுங்க."

"அஞ்சு பேருக்கு மொட்டை வேண்டிக்கிட்டேன் சாமி."

"யார் யாரு?"

"ஆம்புலன்ஸ்ல போறப்ப எங்க குலதெய்வம் அய்யனாருக்கு. ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கினதும் சமயபுரத்தாளுக்கு. டாக்டர் உதட்டைப் பிதுக்கினாரு, உடனே பழநிக்கு. பக்கத்துக் கட்டில்காரங்க வேளாங்கண்ணி மாதாவைச் சொன்னாங்க, தட்ட முடியல. டீக்கடைப் பாய் நாகூர் ஆண்டவரைச் சொன்னாரு. நல்ல மனுசன், டீயும் நல்லாப் போடுவாரு."

"சரி."

"அஞ்சு பேர்கிட்டயும், முதல் மொட்டை உங்களுக்குத்தான்னு சொல்லிட்டேன்."

சாமிக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டார்.

"அவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டாங்களாண்ணே?"

வைரக்கண்ணுவுக்கு முகம் வெளிறிவிட்டது. "பேசிப்பாங்களா சாமி?"

சாமி எழுந்து வந்து, இரண்டு கையாலும் வைரக்கண்ணுவின் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். பழைய பழக்கம். கட்டைவிரலால் உச்சியைத் தடவினார். உச்சியில் தடவ ஒன்றுமில்லை. அது பளபளவென்று வெளிச்சத்தில் மின்னியது. இரண்டு காதோரமும் பின்கழுத்துப் பக்கமும் மட்டும், தோட்டத்துக்கு வேலி போட்ட மாதிரி கொஞ்சம் நரைமுடி நின்றது.

"இதையா அஞ்சு பேருக்கு எழுதிக் குடுத்தீங்க?"

"பதற்றத்துல தலையில என்ன இருக்குன்னு யாரு சாமி பார்த்தா?"

இந்த இடத்தில் வைரக்கண்ணுவைக் கிண்டல் செய்வது பாவம். அவர் மனைவி தையல்நாயகி பதினோரு நாளாகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இருதயத்தில் வால்வு கெட்டுவிட்டது. நாளைக் காலை ஏழு மணிக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால், இன்று சாயங்காலம் ஆறு மணிக்குள், சம்மத ஃபாரத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். நினைவோடு இருக்கிற நோயாளி, தானேதான் போட வேண்டும்.

அவள் போட மாட்டேன் என்றுவிட்டாள்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான்கு நாளாயிற்று. அதற்கப்புறம் பேச்சே இல்லை.

"டாக்டர்கிட்ட கேட்டேன் சாமி, பொழைச்சிருவாளான்னு. ஆபரேஷன் முடிஞ்சாத்தான் சொல்ல முடியும்கிறாரு. எப்ப வீட்டுக்கு வருவான்னு கேட்டா, பார்ப்போம்கிறாரு. பார்ப்போம்! இது ஒரு பதிலா?"

வைரக்கண்ணு பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்துநான்கு வருடம் கூண்டு மாதிரி ஓர் அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்கெல்லாம் நிமிடக் கணக்கில் பதில் சொன்னவர். அவர் ஆயுசில் பார்ப்போம் என்று யாருக்கும் சொன்னதில்லை.

"மொட்டையெல்லாம் விடுங்க சாமி. அதுக்கு நான் வரல." அவர் குரல் இறங்கியது. "நம்பிக்கை இருக்கிறவன் ஒரு சாமிகிட்ட சொல்லிட்டு நிம்மதியா உக்காந்திருப்பான். நான் அஞ்சு பேர்கிட்ட ஓடினேன். ஏன்? ஒருத்தர் மேலயும் நம்பிக்கை இல்லை. அதான் நிஜம். எம் மனசுல ஒரு சொட்டுக்கூட இல்லை. நானே காலியாக் கெடக்கேன், அவளுக்கு எங்கேருந்து தைரியம் சொல்றது? எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை குடுங்க."

சாமி கால்வாயைப் பார்த்தார். கொட்டகையின் கூரையைப் பார்த்தார்.

"பஸ் ஸ்டாண்டுல அஞ்சு ஊர்க்காரன் வந்து, எனக்குத்தான் முதல் வண்டின்னு சண்டை போட்டா என்ன செய்வீங்க?"

"சாமி, நான் என்ன கேக்குறேன், நீங்க..."

"என்ன செய்வீங்க?"

"போர்டு எழுதி மாட்டிருவோம். நேரத்தைப் பார்த்துட்டா எவனும் சண்டை போட மாட்டான்."

"எழுதுங்க."

வைரக்கண்ணுவுக்கு எரிச்சலாக வந்தது. ஆறு வருட பக்திக்கு இதுதானா கிடைத்தது என்று நினைத்தார். ஆனால் சட்டைப்பையில் பேனா இருந்தது. எப்போதும் இருக்கும். கையில் ஆஸ்பத்திரி ஸ்கேன் கவர் இருந்தது. அதன் பின்பக்கம் வெள்ளையாக, பெரிதாக இருந்தது. வெள்ளைத் தாளைக் கண்டால் கட்டம் போடாமல் அவரால் இருக்க முடியாது.

கட்டம் போட்டார். ஊர், மாசம், வண்டி, நேரம், ஆள்.

"ஒரு மொட்டைக்கும் அடுத்த மொட்டைக்கும் நடுவுல எத்தனை மாசம் விடணும்?" என்று கேட்டார். இதைக் கேட்கச் சரியான ஆளிடம்தான் கேட்டார்.

"மத்தவங்களுக்கு ரெண்டு மாசம் போதும். உங்க வெளைச்சலுக்கு நாலு மாசம் விடணும்."

"இப்ப ஆனி. ஆவணியில அய்யனாரை முடிச்சிரலாம். ரெண்டு மாசத்துல டாக்டரும் பக்கத்து ஊருக்குப் போக விட்டுருவாரு. டவுன் பஸ்தான். ஆனா கப்பி ரோடு, தூக்கித் தூக்கிப் போடும். ஆட்டோ வச்சுக்கலாம்."

எழுதினார்.

"சமயபுரம், தை மாசம். அஞ்சரை வண்டி ஆகாது, நிக்கக்கூட எடம் இருக்காது. ஏழேகாலுக்கு ஒண்ணு இருக்கு, டிப்போவிலேருந்து காலியா வரும்."

"டிரைவர் எப்படி?"

"தங்கமான டிரைவர் சாமி. பள்ளம் பார்த்து ஓட்டுவாரு."

எழுதினார். கை வேகம் பிடித்துவிட்டது. பழைய கூண்டுக்குள் உட்கார்ந்த மாதிரி முதுகு நிமிர்ந்துவிட்டது.

"பழநிக்கு வைகாசி. வெயில்ல படி கொதிக்கும். வின்ச்சுல ஏறிட்டா எட்டு நிமிசத்துல மேல போயிரலாம்."

"நல்லது."

"வேளாங்கண்ணியும் நாகூரும் பக்கம் பக்கம். காலையில அங்க, மத்தியானம் இங்கன்னு ஒரே நாள்ல..."

"நடுவுல முடி முளைக்கணுமே."

"ஆமால்ல."

"வேளாங்கண்ணியிலயே நாலு மாசம் தங்கிருங்க."

வைரக்கண்ணு அதையும் ஒரு கணம் யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். "தனித்தனியாவே போயிருவோம். வேளாங்கண்ணிக்குப் புரட்டாசி. திருவிழாக் கூட்டம் வடிஞ்சிருக்கும். நாகூருக்கு மாசி. கடல்காத்து ஒத்துக்காது, ஒரு ஸ்வெட்டர் எடுத்து வைக்கணும். வர்றப்ப மூணே முக்கால் வண்டி. அதுல ஜன்னலோரமாப் பார்த்துப் பிடிக்கணும், இல்லேன்னா நாகப்பட்டினம் தாண்டுறதுக்குள்ள குமட்டிரும்."

"உங்களுக்கா?"

"எனக்கா? நல்லாக் கேட்டீங்க. முப்பத்துநாலு வருசம் டீசல் புகையில சோறு தின்னவன் சாமி நான். எனக்கு என்ன குமட்டல்? அவளுக்குத்தான் பஸ்ஸுன்னாலே..."

பேனா நின்றது.

கொட்டகைக்கு வெளியே கால்வாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சாமி முடியை அள்ளி முடிந்தார்.

வைரக்கண்ணு கவரைப் பார்த்தார். ஐந்து வரி. இருபது மாதம். ஒவ்வொரு வரியின் கடைசியிலும், ஆள் என்ற கட்டத்தில், அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில் இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு என்று எழுதியிருந்தது. நாகூருக்கும் கட்டம் காலியாக இல்லை. அதை எப்போது நிரப்பினார் என்று அவருக்கே ஞாபகம் வரவில்லை.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. பதினோரு நாளாக வராத அழுகை. துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, ஒரு பெரிய மனிதர் எப்படியெல்லாம் அழக் கூடாதோ அப்படியெல்லாம் அழுதார்.



"சாமி, எனக்கு நம்பிக்கையே இல்லைன்னு இப்பத்தானே உங்ககிட்ட..."

"நாலு பத்துக்கு வண்டிண்ணே" என்றார் சாமி.

டைம்கீப்பருக்கு இன்னொருவர் நேரம் சொன்னது அதுதான் முதல் தடவை. வைரக்கண்ணு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, கரையோடு ஓடினார்.

ஐந்தேகாலுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார்.

தையல்நாயகி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டில் ஓரத்து மேசையில் அந்த ஃபாரம் கிடந்தது, மேலே ஒரு மாத்திரை டப்பாவைப் பாரமாக வைத்திருந்தார்கள். வைரக்கண்ணு ஃபாரத்தைப் பற்றிப் பேசவில்லை. தைரியம் சொல்லவில்லை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் தொந்தியை எக்கி நுழைந்து, கவரை அவள் கண்ணுக்கு நேரே நிமிர்த்திப் பிடித்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் கை வலிக்கப் பிடித்துக்கொண்டே நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தாள். அப்புறம் இன்னொன்றையும். உதட்டை அசைத்து மெல்ல எழுத்துக் கூட்டினாள். ஆவணி. தை. வைகாசி. விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினாள்.

"மொட்டையா?" என்றாள். நான்கு நாளாகப் பேசாத தொண்டை கரகரத்தது. "எதை அடிப்பீங்க?"

"காதோரம் இருக்குல்ல."

"அஞ்சு சாமிக்குமா?"

"நாலு மாசம் விட்டு விட்டு."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற வாய் மட்டும் கொஞ்சம் கோணியது. மறுபடியும் கவரைப் பார்த்தாள். விரல் மேலே ஏறி, பழநியில் போய் நின்றது. புருவம் நெரிந்தது.

"வின்ச்சுன்னு யார் எழுதினது?"

"நான்தான். வைகாசி வெயில் தையலு. படி சுடும்."

"பொழுது விடியறதுக்கு முன்னாடி ஏறினா எப்படிச் சுடும்? கல்யாணமான புதுசுலயும் படியிலதான் ஏறினேன். இப்பவும் படியிலதான் ஏறுவேன். உங்களுக்கு முடியலன்னா நீங்க வின்ச்சுல வாங்க. அதை அடிங்க."

"உனக்கு மூச்சு..."

"பேனாவைக் குடுங்க."

கொடுத்தார். படுத்தபடியே அந்த வார்த்தையை அழுத்தி இரண்டு கோடு போட்டு அடித்தாள். மேலே படி என்று எழுதினாள்.

வைரக்கண்ணு பேனாவை வாங்கக் கையை நீட்டினார்.

அவள் தரவில்லை.

"எங்கே அந்த ஃபாரம்?" என்றாள்.