ஆனைச்சறுக்கில் பிடித்த கயிறு

உறுமியாற்றில் ரப்பர் படகு ஓட்டக் கற்றுத் தருபவள் ஜெசிந்தா. அவளிடம் கற்க வந்த சுயம்புலிங்கம் அவளைவிட வயதில் நன்றாக மூத்தவர். ஊரில் நீச்சல் பயிற்சியாளராக இருந்தவர். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கை. ஆற்றுக்கு யார் மூத்தவர் என்பதில் அக்கறை கிடையாது.

அன்று அவருக்குத் தேர்வு.

ஆனைச்சறுக்கு என்ற இடத்தில் ஆறு குறுகி, பாறைகளுக்கு நடுவே சரிந்து இறங்கும். படகு அதைக் கடக்கும்போது கரையில் ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும். யாராவது தண்ணீரில் விழுந்தால் கயிற்றை வீசிக் கரைக்கு இழுக்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்துவிட்டால் சுயம்புலிங்கத்துக்குத் தனியாக ஓட்ட ஒரு படகு கிடைக்கும்.

"படகுல உங்க ஆளுங்க யாரும் வாராங்களா அண்ணே?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

அந்த ஆற்றில் அப்படி ஒரு வழக்கம். சொந்தக்காரர் படகில் இருந்தால், அன்றைக்குக் கயிறு வேறு ஆள் கைக்குப் போய்விடும்.

"யாருமில்ல மாஸ்டர்."

படகில் அவருடைய மகள் சுஜிதா இருந்தாள். அப்பா கயிறு பிடித்து நிற்பதைப் பார்க்கக் கல்லூரித் தோழிகளோடு வந்திருந்தாள். வந்ததை யாரிடமும் சொல்லாதே என்று அவர்தான் சொல்லி வைத்திருந்தார். மகள் முன்னால் பெருமைப்பட ஆசைப்படாத தகப்பன் உண்டா என்ன?

மலையில் மழை பெய்திருந்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. சறுக்கின் தொடக்கத்தில் படகு ஒரு பாறையில் இடித்து ஒருக்களித்தது. ஒருத்தி தெறித்து விழுந்தாள்.

"சுஜி!"

அந்தக் கத்தலிலேயே ஜெசிந்தாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் ஆளை மாற்ற நேரமில்லை.

சுயம்புலிங்கம் கயிற்றை வீசினார். அது மகளின் கையருகிலேயே போய் விழுந்தது. வீச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"பிடி மக்கா! கையில சுத்திக்கோ! விட்டுராத!"

சொன்னபடியே அவள் சுற்றிக்கொண்டாள். அவரும் இந்த முனையைத் தன் மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றினார்.

"சுத்தாதீங்க அண்ணே! வெறுங்கையில பிடிங்க!"

காதில் விழுந்திருக்கும். அந்த நேரத்தில் அவர் யார் பேச்சையும் கேட்கிற நிலையில் இல்லை.

கயிறு விறைத்தது. ஆறு அவரைக் கரையிலிருந்து பிடுங்கித் தண்ணீருக்குள் போட்டது. கரையை ஒட்டி நின்ற ஒரு பாறையில் கயிறு மாட்டிக்கொண்டது. பாறைக்கு ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் மகள். வெள்ளம் இருவரையும் கீழே இழுத்தது. கயிறு இருவரையும் விடவில்லை. தண்ணீர் அவர்கள் தலைக்கு மேலேயே ஓடியது. முகம் ஒரு கணம் வெளியே வரும், மறுபடி உள்ளே போகும். அவர் இன்னொரு கையால் சுற்றை அவிழ்க்கப் பார்த்தார். அது சதையைக் கவ்வியிருந்தது. மகளின் முகம் வெளியே வருவது குறைந்துகொண்டே போனது.

ஜெசிந்தா அந்தப் பாறைக்குத் தாவினாள். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தாள்.

அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"வெட்டாத! அவ போயிருவா! ஏட்டி, வெட்டாதட்டி!"

மாஸ்டர் என்று அழைத்த அதே வாய்தான்.

அவள் வெட்டினாள்.

இரண்டு பேரும் சறுக்கில் போனார்கள். ஜெசிந்தா வீசுவதற்கு வைத்திருந்த இன்னொரு கயிற்றை அள்ளிக்கொண்டு கரையோரப் பாறைகளில் ஓடினாள். வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினாள்.

சறுக்கு முடிகிற இடத்தில், விழுந்தவர்களைத் தூக்கச் சிறு படகோடு காத்திருந்த அவளுடைய உதவியாள் பர்னபாஸ், சுஜிதாவின் மிதவைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டான். சுயம்புலிங்கம் தானாகவே கரை ஒதுங்கினார்.

மகள் மணலில் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினாள். அப்புறம் அழுதாள். அந்த அழுகை கேட்டபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது. ஜெசிந்தாவிடம் போனார்.

"எம் புள்ளைய ஆத்தோட விட்டுட்டியளே."

"ஆமா."

"பர்னபாஸ் பிடிக்கலன்னா?"

"அடுத்த வளைவுல நான் வீசியிருப்பேன். அங்க தவறினா அதுக்கடுத்த வளைவுல."

அவர் மணிக்கட்டில் கவ்வியிருந்த கயிற்றை அவிழ்த்துப் போட்டார்.

"மக வாரான்னு ஏன் மறைச்சிய அண்ணே?"

"சொன்னா கயித்தத் தரமாட்டிய."

"தரமாட்டேன்தான்."

ஜெசிந்தா உட்கார்ந்து, வெட்டுப்பட்ட கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள். அவள் பயந்திருந்தாள். அதை மறைக்கவும் இல்லை.

"அந்த முனையில கிடந்தது எம் மக," என்றார் அவர். "கயித்த எப்படி மாஸ்டர் விடச் சொல்லுதிய? ஒங்களுக்கு ஒரு புள்ள இருந்தாத் தெரியும்."

அவள் கயிற்றைச் சுருட்டி முடித்தாள். பிறகு மணலில் கிடந்த பெண்ணைப் பார்த்தாள்.

"கயித்த விட்டிருந்தியன்னா அண்ணே, அவ பின்னால ஓடுறதுக்குக் கரையில ஒரு அப்பா இருந்திருப்பாரு."