நாக்கை அறுக்கும் சொல்

ஊர் வழக்கம் அறியாத புது ஜமீன்தார் ஆற்றுக்குக் கரை எழுப்பினார். இனி 'வெள்ளம்' என்ற சொல்லை யார் சொன்னாலும் தன் கரையைப் பழித்ததாகக் கொண்டு நாக்கை அறுப்பேன் என்று தண்டோரா போடச் சொன்னார். அந்த ஊரிலோ, வெள்ளம் என்று ஒரு குரல் கேட்டால் போதும், கேட்டவரெல்லாம் அதையே கத்திக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஓடியாக வேண்டும்.

ஐப்பசி அடைமழையில், அரண்மனைக் குதிரைக்குப் புல் அறுக்கப் போன ஒச்சம்மா ஆற்றைப் பார்த்தாள். செந்நீர் உறுமிக்கொண்டு கரை விளிம்பை நக்கியது. வாயைத் திறந்தால் நாக்கு போகும். மூடினால் ஊரே போகும்.

ஓடிவந்து அரண்மனை மாடத்தின் கீழே விழுந்து கும்பிட்டாள்.

"சாமி, தண்டோரா போட்டவன் பயத்துல அந்தச் சொல்லையே முழுங்கிட்டான். எதைச் சொல்லக் கூடாதுன்னு பாதிச் சனத்துக்குத் தெரியலை. அந்த ஒத்தைச் சொல்லைச் சாமி வாயாலேயே ஊரு கேக்கச் சொல்லிருங்க. அப்பத்தான் பயப்படுவாங்க."

"கேட்கட்டும்!" ஜமீன்தார் மாட விளிம்பில் நின்று அடிவயிற்றிலிருந்து முழங்கினார். "வெள்ளம்!"

அந்தக் குரல் தெருத்தெருவாகப் பற்றிக்கொண்டது. பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு சனம் மேடேறி முடிக்கவும் கரை உடைந்தது.

கடைசி ஆளாக, இடுப்பளவு சேற்றோடு வந்து சேர்ந்த ஜமீன்தார் பழக்கதோஷத்தில் கர்ஜித்தார்.

"அந்தச் சொல்லை முதலில் சொன்னது யார்?"

சனமெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தது. கத்தி வைத்திருந்த சேவகன் மட்டும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.